கேப்பர் மலைக்கு எத்தனை கே.வி.

கே.வி. என்றதும் கிலோவோல்ட் என்று நினைத்து
'நூத்தித் தொண்ணூறா? ஊரே கருகிடும்டா' என்றான்
மின்வாரியத்தில் இருக்கும் கலியவரதன்.
அது இல்லை.
ஒரு வோல்ட்டுக்கு எத்தனைச் சுற்று என்பது.
சுற்று கூடினால் வேகம்,
குறைந்தால் இழுவை.
இரண்டையும் ஒரே செம்புக் கம்பியில் சுற்றித்தர
எந்தக் கம்பெனிக்கும் இன்னும் கை வரவில்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரை
தோசைக்கல் மாதிரித் தரை.
அதற்கு இருநூற்று எழுபது வாங்கிப் பறந்துவிடலாம்.
கேப்பர் மலை மட்டும் இல்லாதிருந்தால்
ஒரு ராத்திரியில் முடிந்திருக்கும் வேலை.
மலை என்று பேர்தான்,
ஏலகிரிக்காரன் பார்த்தால் சிரிப்பான்.
ஆனால் என் எழுபத்தெட்டு கிலோவையும்
பலகையின் பத்து கிலோவையும்
அந்தச் செம்மண் ஏற்றத்தில் இழுக்கச் சொன்னால்
சின்ன மோட்டார் வார்னிஷ் வாடை விடும்;
முந்திரிக்கொட்டை தீய்வதற்குக் கொஞ்சம் முன்னால்
வருமே, அந்த வாடை.

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில்
பதினாறு நாள் கணக்கு.
பத்து செல், முப்பத்தாறு வோல்ட்,
நூற்றித் தொண்ணூறு.
அடித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.

லாரன்ஸ் ரோட்டில் யு.பி.எஸ். பிரித்துப் போட்டபடி
கவுஸ் சொன்னான்:
'கண்ட்ரோலர் மேல ஐம்பது ஆம்பியர்னு எழுதியிருப்பான்.
முப்பதுக்கே மூச்சு வாங்கும். பாதியத்தான் நம்பணும்.
அப்புறம், ஃபுல் சார்ஜோட மலை இறங்காத.
பிரேக் புடிச்சா கரண்ட் பேட்டரிக்குத்தான் திரும்பும்.
வயிறு நிறைஞ்சவன் இலையில
மறுசோறு தள்ளுற மாதிரி.
கையை விரிச்சிடும்.'

சென்சார் வைத்ததற்கு ஆயிரத்து எண்ணூறு கூட.
அது இல்லாத மோட்டாருக்கு
நிற்கும்போது, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.
காந்தம் எந்தப் பக்கம்,
எந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் –
குத்துமதிப்பாக ஒரு எட்டு முன்னால்,
அரை எட்டு பின்னால், உதறும்.
கொஞ்சம் ஓடிவிட்டால்
ஓட்டமே அதற்கு இடம் சொல்லிவிடும்.
பிறகு வெண்ணெய்.

அந்த உதறலை வீடியோவில் ஏழு முறை பார்த்தேன்.

இம்பீரியல் ரோடு கூரியர் ஆபீசில்
'பேரு சொல்லுங்க சார்' என்கிறபோது
என் தாடையில் நடப்பது அது.
தே. தே. தே.
பின்னால் நிற்பவர் செல்லுக்குள் குனிந்துகொள்வார்.
'தேவராஜா?' என்று அந்தப் பெண் எடுத்துக்கொடுப்பாள்.
இல்லை என்று சொல்லவும் அதே நேரம் ஆகும்.
இரண்டு பார்சல்களுக்கு
தேவராஜ் என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தேவநாதன் ஒருமுறை வெளியே வந்துவிட்டால்
பின்கோடு, போன் நம்பர் எல்லாம்
வழுக்கிக்கொண்டு போகும்.

'சென்சாரோடயே வாங்கிடு, நடுரோட்டுல மானம் போகும்.'
கவுஸ் மோட்டாரைத்தான் சொன்னான்.

இல்லாததை வாங்கினேன்.
மிச்சப் பணத்தில் ஹெல்மெட் என்று
வீட்டில் கணக்குக் காட்டினேன்.

ஞாயிறு காலை ஐந்தரை. மலையடி.
பேட்டரி எழுபது சதவீதம், அதற்கு மேல் ஏற்றவில்லை.
காலை ஊன்றாமல்
ரிமோட்டை மட்டும் தள்ளிப் பார்த்தேன், வேண்டுமென்றேதான்.
பலகை உதறியது. நின்றது. உதறியது.
ஜெயில் பக்கமிருந்து நடந்து வந்தவர்
'ரிப்பேரா தம்பி?' என்றார்.
அவருக்கு நான் ஒரு 'இ'யைத் தொடங்கி
அதிலேயே நின்றிருந்தேன்.
வலது காலால் தரையை உந்தினேன்.
இன்னொரு உந்து.
பிடித்துக்கொண்டது.

'இல்லை' முழுசாக வந்தபோது
அவர் இருபது கஜம் கீழே இருந்தார்.
கேட்டிருக்காது.

பாதி ஏற்றத்தில் நிறுத்தி
குனிந்து மோட்டாரைத் தொட்டேன்.
சூடு. கை வைக்க முடிகிற சூடு.
வார்னிஷ் வாடை இல்லை.
மீதி ஏற்றத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு
வலது காலைக் கீழே வைத்தேன்.